சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறு துருத்தி

விடுமுறை நாள் காலையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வீட்டு வாசலில் கார் கழுவுவதைக் காணலாம். கண்ணாடி பளபளக்கும். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் தூசும் போகும். டயருக்குக் கறுப்பு மை பூசுகிறவர்களும் உண்டு. ஆனால் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அங்கே விரல் விட்டால் தொடக்கூடிய தூரத்தில், ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பட்டறைக்காரர்கள் அதை 'ரேக் பூட்' என்பார்கள். அது கிழிந்தால் கார் நிற்காது. சத்தமும் உடனே வராது. அதனாலேயே அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

பள்ளிக்கூடத்து ஆசிரியை கார் சாமானைப் பற்றி எழுதுகிறாளே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். பேருந்து வராத தோட்டத்தில் கார் ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போவதும், பிரசவ வலி வந்தவள் நேரத்தோடு மருத்துவமனை சேர்வதும் அந்தப் பழைய காரை நம்பித்தான். புதுக் கார் வாங்க வசதியில்லாத நமக்கு, இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இந்த உறை எதை மூடியிருக்கிறது என்று பார்ப்போம்.

நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது அதன் தண்டின் அடியில் இருக்கும் சிறு பற்சக்கரம் சுழல்கிறது. அது, பல் வெட்டிய நீண்ட இரும்புத் தண்டு ஒன்றை இடமும் வலமும் நகர்த்துகிறது. அந்தத் தண்டுதான் ரேக். அதன் இரு முனைகளிலும் கிண்ணத்துக்குள் பந்து வைத்தது போன்ற மூட்டு ஒன்று உண்டு. நம் தோள் மூட்டு எப்படி எல்லாப் பக்கமும் அசைகிறதோ அப்படி அது அசையும். இதற்கு 'ரேக் எண்ட்' என்று பெயர். அதிலிருந்து வெளியே வரும் கம்பி, 'டை ராட் எண்ட்' என்னும் இன்னொரு மூட்டின் வழியாகச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிறது. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் இதே அமைப்புதான்.

உள்ளே இருக்கும் ரேக்கும் மூட்டும் வழவழப்பாக இருக்க வேண்டும். அதற்காகக் கிரீஸ் பூசியிருக்கிறார்கள். அந்தக் கிரீஸ் வெளியே போகாமலும், மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமலும் காப்பதுதான் ரப்பர் உறையின் வேலை. ஸ்டீரிங் திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கத்து உறை சுருங்கும், மறுபக்கத்து உறை விரியும். துருத்தியின் வேலைதான். ஒரு வளைவுக்கு ஒரு தடவை என்றாலும் வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை என்று எண்ணிப் பாருங்கள்!

இனி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

நான் ஓட்டுவது அப்பா விட்டுச்சென்ற சாகா இஸ்வாரா. தோட்டத்து லோரி ஓட்டுநராக இருந்த அப்பா, 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தபோது 1999-இல் இரண்டாம் கையாக வாங்கியது. பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய மாடல். குளுவாங் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு 6 கிலோமீட்டர் செம்மண் பாதை. வெயில் காலத்தில் புழுதி, நவம்பரில் மழை பிடித்தால் சேறு. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரம் கட்டி ஒதுங்க வேண்டும். ஓரத்தில் ஆழமான கால்வாய்.

இந்தப் பாதையில் வாரத்துக்கு மூன்று பிற்பகல் என் காரில் ஒரு பாட்டி வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. பட்டணத்து டயாலிசிஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பள்ளி விட்டதும் அழைத்துப் போவேன். இருட்டிய பிறகு அழைத்து வருவேன். ஒரு தவணை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே அந்தக் கார் ஓட வேண்டும். நேராகவும் ஓட வேண்டும்.

சென்ற ஆண்டு எண்ணெய் மாற்றுவதற்காகப் பட்டணத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். காரை மேலே தூக்கிப் பார்த்தவர், "ரேக் பூட் கிழிஞ்சிருச்சு, ரேக்கையே மாத்தணும், 480 வெள்ளி ஆகும்" என்றார். கிழிந்தது எது, ஏன் முழு ரேக்கையும் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, "பழைய காடி அப்படித்தான்" என்பதே பதிலாக வந்தது. காரணம் தெரியாமல் 480 வெள்ளி கொடுக்க மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன் இப்போது பக்கத்துப் பட்டணத்தில் போமனாக இருக்கிறான். கணக்கு வகுப்பில் பின்னத்தைக் கண்டால் ஓடுவான். ஆனால் உடைந்த கடிகாரத்தைக் கண்டால் நகர மாட்டான். சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே வந்து, ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, கைவிளக்கைச் சக்கரத்துக்குப் பின்னால் பிடித்தான்.

"டீச்சர், நீங்களே குனிஞ்சு பாருங்க" என்றான்.

வலப்பக்கத்து உறையில் ஒரு மடிப்பு அரை வட்டத்துக்குப் பிளந்திருந்தது. அதன் வழியாகக் கறுத்த கிரீஸ் கசிந்து, செம்மண் ஒட்டி, குழம்பாக இருந்தது. இடப்பக்கத்து உறை கிழியவில்லை. ஆனால் விரலால் மடிப்பை விரித்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அவன் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான்.

"ரேக் எண்ட் இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு. பூட்டைக் கழற்றித் தண்டைப் பார்க்கணும். துரு பிடிச்சுக் குழி விழுந்திருந்தா அவங்க சொன்னது சரி, ரேக்கைத்தான் மாத்தணும். இல்லைன்னா பூட் மட்டும் போதும்."

இதுதான் நான் கேட்க விரும்பிய பதில். 'மாற்று' என்பது ஒரு பதில். 'பார்த்துவிட்டு முடிவு செய்வோம்' என்பது அதைவிட நல்ல பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் வேலை தொடங்கியது. பாட்டியின் கணவர், முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர், முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம் வாழ்நாளில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர் அல்லர். ஆனால் மனைவி ஏறுகிற கார் அல்லவா!

முதலில் கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தான். முன்சக்கரத்து நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜேக்கியால் தூக்கினான். உடனே உறுதியான இரும்புத் தாங்கிகளை இரு பக்கமும் கொடுத்து அதன்மேல் காரை இறக்கினான். வெறும் ஜேக்கியை நம்பியோ செங்கல்லை அடுக்கியோ காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. ஜேக்கி சரியும், செங்கல் பாரத்தில் பிளக்கும். உயிருக்கு உலை வைக்கும் காரியம்.

சக்கரத்தைக் கழற்றியபின், டை ராட் எண்டைப் பூட்டியிருக்கும் நட்டைத் தளர்த்தினான். பிறகு கொத்தர் பின்னைப் பிடுங்கி, காடி வெட்டிய நட்டைக் கழற்றி, இழுப்பான் கருவியால் மூட்டைப் பிரித்தான். அதற்குப் பின்தான் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. டை ராட் எண்டைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணியாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே சுற்று இருந்தால்தான் சக்கரம் ஏறக்குறைய பழைய கோணத்தில் நிற்கும். அவன் சுற்ற, நான் எண்ணி, தரையில் சுண்ணக்கட்டியால் எழுதினேன்: வலம் 17, இடம் 16½.

"பின்னம் வந்திருச்சு டீச்சர்" என்று அவனே சிரித்தான்.

பழைய உறையின் அகன்ற வாய் ரேக்கின் உடம்போடு கம்பியால் கட்டப்பட்டிருந்தது; குறுகிய வாயில் ஒரு ஸ்பிரிங் கிளிப். இரண்டையும் எடுத்து, உறையை உருவினான். உள்ளே இருந்த அழுக்கான கிரீஸைத் துணியால் வழித்தெடுத்தோம். விரலில் நெருநெருவென்று மணல் தட்டியது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் மணல் போட்டு அரைத்தால் என்ன ஆகும்? அதே கதிதான் அந்த மூட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. நல்ல வேளையாகத் தண்டு பளபளவென்றிருந்தது. துருவும் இல்லை, குழியும் இல்லை. மூட்டிலும் ஆட்டம் இல்லை. ரேக் பிழைத்தது.

மிச்சமிருந்த பிசுக்கைப் போக்கப் பையன் பெட்ரோல் டப்பாவைத் தேடினான். அதுவரை பேசாமல் இருந்த தாத்தா கையை உயர்த்தினார்.

"வேணாம்பா. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பருக்குப் பகை. ஊதிப்போயிடும். சோப்புத் தண்ணி போதும்."

பையனும் தலையாட்டினான், அதுவே சரி என்றான். புது உறையை மாட்டும்போதும் வாயில் சோப்புத் தண்ணீர் தடவியதால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

தாத்தா கிழிந்த உறையைக் கையில் வாங்கி, மடிப்பை வளைத்துப் பார்த்தார். நீட்டினால் வெடிப்பு வாய் திறந்தது. முகர்ந்தும் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது நம்ம பால் இல்லையே?"

அவர் சொன்னது பொய்யில்லை. மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதும். காற்றில் இருக்கும் ஓசோன் பட்டால், இழுபட்ட இடத்தில் வெடிக்கும். ஆகவே இப்படிப்பட்ட உறைகளைப் பெரும்பாலும் குளோரோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது அது. நியோபிரீன் என்றும் சொல்வார்கள். எண்ணெயையும் வெயிலையும் அது கூடுதலாகத் தாங்கும், என்றைக்கும் தாங்காது. வருடக்கணக்கில் எஞ்சின் சூடும் புழுதியும் பட்டு, மடிந்து விரிந்து, அதற்கும் முதுமை வருகிறது. வெடிப்பு எப்போதும் மடிப்பில்தான் தொடங்கும். அங்கேதான் இழுவிசை அதிகம்.

இதை அவருக்கு எளிமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ நம்ம பால் எங்கதான் போவுது?"

"டயருக்குப் போகுது தாத்தா. பெரிய லோரி டயர், ஆகாய விமானத்து டயர் எல்லாம் மரத்து ரப்பர் இல்லாம ஆகாது. எஞ்சின் உட்கார்ந்திருக்கிற மவுண்டிங்கும் பெரும்பாலும் அதுதான்."

"அப்ப சரி" என்றார். "பாரம் தாங்குறது நம்மளுது."

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தில் இல்லாத ஒரு வரியை அவர் சொல்லிவிட்டார்.

மறுவாரம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தேன். ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த இரண்டு ரப்பர் வளையங்கள். ஒன்றை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்து மாட்டி, வெயில் படும் சன்னலில் விட்டோம். மற்றதை அலமாரிக்குள் தளர்வாக வைத்தோம். சில வாரங்களில் சன்னலில் இருந்தது குறுக்கே வெடித்து, தொட்டதும் அறுந்தது. அலமாரியில் இருந்தது அப்படியே இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ரப்பர்களையெல்லாம் சோதித்தார்களாம். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு இல்லை.

வேலை முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுக்கும் தண்டுக்கும் புதுக் கிரீஸ் பூசி, உறையின் அகன்ற வாயை அதற்குரிய பள்ளத்தில் சரியாக உட்கார வைத்துக் கட்டினான். உறை முறுக்கிக்கொண்டிருந்தால் சீக்கிரம் கிழியும் என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். சுண்ணக்கட்டிக் கணக்குப்படி டை ராட் எண்டைத் திருகி, நட்டை இறுக்கி, கொத்தர் பின்னைப் புதிதாகப் போட்டான். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது. கடைசியில் ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பச் சொல்லி, இரண்டு துருத்திகளும் ஒழுங்காகச் சுருங்கி விரிகின்றனவா என்று குனிந்து பார்த்தான். மறுநாள் டயர் கடையில் அலைன்மெண்ட் பார்த்தோம். சுற்று எண்ணிப் பூட்டினாலும் இது கட்டாயம். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மிச்சம் பிடித்த பணம் அதில் போய்விடும்.

செலவுக் கணக்கு இதோ: இரண்டு உறைகளும் கிளிப்புகளும் 36 வெள்ளி. கிரீஸ் 8 வெள்ளி. கொத்தர் பின் 1 வெள்ளி. அலைன்மெண்ட் 30 வெள்ளி. பையன் கூலி வேண்டாம் என்றான். தொழிலுக்கு மரியாதை வேண்டும் என்று 80 வெள்ளியைக் கையில் திணித்தேன். ஆக மொத்தம் 155 வெள்ளி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது அதனால்தான் இலாபம்.

வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒரு முறை ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, கைவிளக்கோடு முன்சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். உறையில் வெடிப்போ, சுற்றிலும் கறுப்புப் பிசுக்கோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கிளிப் கழன்று உறை நழுவியிருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

பவர் ஸ்டீரிங் உள்ள காரில் உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால், கோளாறு உறையில் இல்லை. ரேக்கின் உள்ளே இருக்கும் சீலில் இருக்கிறது. புது உறை போட்டால் மறைக்குமே தவிர தீர்க்காது.

மேடுபள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ, ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தாலோ, மண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது உறை மட்டும் போதாது. ரேக் எண்டையும் ரேக்கையும் பார்க்க வேண்டும். மிகத் தேய்ந்த மூட்டு ஓடும்போதே கழன்றால், நீங்கள் திருப்பும் பக்கம் சக்கரம் திரும்பாது.

தாங்கியும், மூட்டுப் பிரிக்கும் கருவியும், பழக்கமும் இல்லாதவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம். பார்ப்பது மட்டும் நம் வேலை. பிரிப்பது தெரிந்தவர் வேலை. ஆனால் பட்டறையில் என்ன சொன்னாலும், "எங்கே, காட்டுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். நியாயமான தொழிலாளி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். குறிப்பாகத் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: கார் விஷயம் ஆண்கள் விஷயம் என்று ஒதுங்காதீர்கள். அதில் ஏறி உட்காருவது நம் பிள்ளைகள்.

விலை குறைந்த பொருள் முதலில் தேய்ந்து, விலை உயர்ந்த பொருளைக் காப்பாற்றுவது எந்திரத்தில் மட்டுமல்ல, குடும்பத்திலும் உண்டு. வெயிலையும் சேற்றையும் தாங்கள் வாங்கிக்கொண்டு நம்மை உள்ளே பத்திரமாக வைத்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களும் சத்தம் போடுவதில்லை. காரையாவது மாதத்துக்கு ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும். அவர்களை நாள்தோறும் பார்க்க வேண்டும்.